மரிய ஜோசப் பட்டினி கிடந்த வெள்ளிக்கிழமை

மரிய ஜோசப் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். தலையே போனாலும் அந்தக் கேமராக் குழாயை உடம்புக்குள் விடமாட்டார். அதுவும் பின்வாசல் வழியாக!

சிப்காட்டில் இருபத்தாறு வருஷம் பாய்லர் ஓட்டிய மனுஷன். நெருப்புக்குப் பயந்ததில்லை, நீராவிக்குப் பயந்ததில்லை. சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய் என்றதும், சிதம்பரத்தில் டாக்டர் ரூமிலிருந்து செருப்பை மாட்டாமலே ரோட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய அண்ணன் போன வருஷம்தான் குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். "கூடப் பொறந்தவர் நீங்க, உள்ளே ஒரு தடவை பாத்துடணும்" என்று டாக்டர் சொன்னதை மனைவி ரோசி அன்றையிலிருந்து விடவில்லை.

அப்போதுதான் ஜோசப்புக்கு ஒரு வழி கிடைத்தது. கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதும். ஐம்பது வகைப் புற்றுநோய்க்கும் அதிலேயே அடையாளம் தேடுவார்களாம். கடலூரில் கையை நீட்டிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது: அடையாளம் எதுவும் தென்படவில்லை.

"பாத்தியாடி! அம்பதும் கிளியர்!"

ரோசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"தென்படலன்னுதான் போட்டிருக்கான் மாமா. இல்லவே இல்லன்னு போடல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நேத்து மூக்குக்கண்ணாடி தென்படலன்னு வீட்டையே பொரட்டுனீங்க. நெத்தி மேல இருந்துச்சு. சின்னக் கட்டியா இருந்தா ரத்தத்துல தெரியாமலும் போவலாமாம். தெரிஞ்சாலும் ஸ்கேன் பாத்துதான் உறுதி பண்ணணுமாம். டாக்டர் சொன்ன மத்த டெஸ்ட்ட விட்டுடக் கூடாதுன்னு கீழயே போட்டிருக்கான், பாருங்க."

"பொடி எழுத்தெல்லாம் சும்மா போடறது!"

"உங்க அண்ணன் போட்டோவுக்கு மாலை மாத்தறது நானு. பக்கத்துல இன்னொரு ஆணி அடிக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஜோசப் எழுந்துபோய் அண்ணன் போட்டோ மாலையை நேராக்கினார். ஆனால் தீர்மானம் தீர்மானம்தான். ரோசியும் அத்தோடு பேச்சை விட்டுவிட்டாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்கணும்.

தவக்காலம். ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நின்றார்கள். ரோசியின் தம்பி சார்லஸ், "வர்ற வெள்ளி நான் முழுப் பட்டினி, அக்கா" என்றான்.

"உன் மாமாவுக்கு அதெல்லாம் ஆவாதுடா" என்றாள் ரோசி, பங்குச் சாமியார் காதில் விழும்படி. "பத்து மணிக்கே வடை தேடுவாரு."

"யாரு, நானா?" ஜோசப் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சாமி, எழுதி வச்சிக்கங்க. வெள்ளிக்கிழமை பூரா பச்சத்தண்ணி, இளநீர். அவ்ளோதான்!"

சொன்னபடியே இருந்தார். பக்கத்து வீட்டுப் பொன்னி வஞ்சிரம் வறுத்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தார். ரோசி மணிக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்துக் கவனித்துக்கொண்டாள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு பெரிய ஜாடியோடு வந்தாள்.

"இளநீரா?"

"பேதி மருந்து. காலையில சிதம்பரம். டாக்டர்கிட்ட கேமரா டெஸ்ட்டுக்கு நாள் வாங்கியாச்சி."

"ஏய்! என்னைக் கேக்காமலா?"

"கேட்டா வருவீங்களா? குடல் காலியா இருக்க மொத நாள் பூரா தண்ணி, இளநீர்தான் குடுக்கணும்னாரு. உங்கள எப்படிப் பட்டினி போடறதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். நீங்களே சாமியார்கிட்ட வாக்கு குடுத்துட்டீங்க. வேணாம்னா அடுத்த வெள்ளிக்கு மாத்திடறேன். பட்டினிய மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

ஜோசப் வயிற்றைத் தடவினார். சுவரில் அண்ணன் போட்டோவைப் பார்த்தார். பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும் பார்த்தார்.

"ஊத்து."

முதல் டம்ளர் காலியானதும்தான் ரோஷம் திரும்பி வந்தது.

"வர்றேன். ஆனா பஸ்ஸுல வரமாட்டேன். கவுரவமா கார்லதான் போவணும்!"

"சார்லஸ் கார் காலையில ஆறு மணிக்கு வந்துடும் மாமா. பின்சீட்டுல ரப்பர் ஷீட்டு விரிச்சிக் கொண்டாரச் சொல்லிட்டேன்."