‘சட்டம்’ அண்ணன் போட்ட வீதி

பதுளையில் ஒரு நாளாவது சண்டை பிடிக்காமல் தூங்கினார் என்று ‘சட்டம்’ அண்ணனைப் பற்றி யாராலும் சொல்ல முடியாது. மிச்சக் காசு தராத பஸ் கண்டக்டர், ஆறிப்போன ரொட்டி, பிந்தி வந்த ரயில், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே கேள்வி: "இது எந்தச் சட்டத்துல இருக்கு?" பஜாரில் போன் திருத்தும் கடையில் வேலை பார்த்தார். ஒரே போர்டிங் அறையில் அவரோடு மூன்று வருஷம் தாக்குப்பிடித்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

திடீரென்று ஒருநாள் பிட்காயின் வாங்கினார். லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில், அவருடைய அக்காவின் வீடு ஒழுகிக்கொண்டிருந்தது. சேமிப்பைப் பெருக்கிப் புதுத் தகரம் போடுவது திட்டம். இணையத்தில் காயின் வாங்கி விற்கும் ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு அடையாள அட்டையைக் காட்டினார், முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டினார், பணம் கட்டினார். காயின் கணக்கில் ஏறியது. பாஸ்வேர்டைப் பத்திரப்படுத்த வேண்டுமே? அதை ஒரு தாளில் எழுதி, சமாதான நீதவானிடம் கொண்டுபோய் உறுதிப்படுத்தி, முத்திரையோடு வந்தார்.

"அண்ணே, அது ரகசியம்! அவர் வாசிச்சிருப்பாரே?"

"வாசிக்காம எப்பிடிப்பா கையெழுத்துப் போடுவாரு? சத்தமா வாசிச்சுத்தான் போட்டாரு."

அன்றே பாஸ்வேர்டை மாற்றவைத்தேன்.

சில மாதங்களில் விலை ஏறியது. கூரைக்குப் போதும் என்றதும் பணத்தை எடுக்கப் போனார். அப்போதுதான் எக்ஸ்சேஞ்ச் கேட்டது: வீதியின் பெயர், வீட்டு இலக்கம், இரண்டுக்கும் அத்தாட்சி. அட்டையில் இருந்ததோ தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் மட்டும். லயத்துக்கு ஏது வீதி? அக்காவுக்கு வரும் கடிதமே தோட்ட ஆபீஸில் கிடந்து, யாராவது மனம் வைத்தால்தான் வீடு வந்து சேரும்.

"உள்ள போறப்ப ஒண்ணும் கேக்கல. வெளிய வர்றப்ப ரோட்டுப் பேர் கேக்குறான்! எங்க ஆளுங்க வெட்டுன ரோட்டுலதாம்பா தேயிலை லொறியே போகுது. எங்களுக்கு ரோடு இல்லையாம்!"

அவருடைய கோபத்தைக் கண்டு எனக்குச் சிரிப்பு வராத முதல் நாள் அது. நானும் சேர்ந்து கத்தினேன். உதவிப் பிரிவுக்குக் காரசாரமாக எழுதினோம். "உங்கள் சிரமம் புரிகிறது" என்று அரை நொடியில் பதில் வந்தது. அரை நொடியில் என்ன புரிந்திருக்கும்?

அண்ணன் லீவு போட்டு ஊருக்குப் போனார். பலகையில் ‘மேல் லயம் வீதி’ என்று பெயின்டால் எழுதி லயத்தின் முனையில் நட்டார். பன்னிரண்டு கதவுகளுக்கும் இலக்கம் போட்டார். தோட்ட ஆபீஸ் கிளார்க் ஓடிவந்தார்.

"யாரக் கேட்டு நட்டீங்க?"

"நடக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? காட்டுங்க பாப்போம்."

கிளார்க் வந்த வழியே திரும்பினார். கிராம சேவகர் மூன்று தடவை அலையவிட்டு, நான்காம் தடவை சிரித்துக்கொண்டே அந்த விலாசத்துக்கு அத்தாட்சி கொடுத்தார். ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினோம். எக்ஸ்சேஞ்ச் ஏற்றுக்கொண்டது.

அதற்குள் விலை சரிந்து, கிடைத்த பணம் பாதிக் கூரைக்குத்தான் போதுமாக இருந்தது. "அக்கா படுக்குற பக்கம் போட்டாச்சு. அடுப்படி அடுத்த வருஷம்" என்றார், அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் பலகையைப் பார்த்த தபால்காரர் கடிதங்களை நேரே கதவுக்கே கொண்டுவரத் தொடங்கினார்.

அண்ணனும் இப்போது அங்கேயே கடை போட்டுவிட்டார். அவருடைய போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஆனாலும் பொங்கல் வாழ்த்தைத் தபாலில்தான் அனுப்புகிறேன். ‘இலக்கம் 7, மேல் லயம் வீதி’ என்று எழுதும்போது மட்டும் என் கையெழுத்து கொஞ்சம் அழகாகிவிடுகிறது.