உருகிப்போன மூன்றாம் வகுப்பு

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பெண் கேட்கப் போன வீட்டுக்கு, பெண்ணின் அப்பா உயிராய் வைத்திருந்த ரயில் பெட்டியை உருக்கி எடுத்துக்கொண்டு போன மடையன் நான். (பொம்மைப் பெட்டிதான். நிஜப் பெட்டியென்றால் சிறையிலிருந்தல்லவா எழுதிக்கொண்டிருப்பேன்!)

கவிதாவின் அப்பா ரயிலில் கார்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புசல்லாவையில் அவர் வீட்டு ஹோலில் மேசை நிறையக் குட்டித் தண்டவாளம். அதில் வெளிநாட்டிலிருந்து வந்த மூன்று பிளாஸ்டிக் பெட்டிகள். மூன்றும் சாம்பல் நிறம். நம்மூர் ரயில் மாதிரி செங்கல் சிவப்பாக இல்லையே என்று அவர் குறைப்பட்டதும், என் வாய் சும்மா இருக்கவில்லை.

"குடுங்க அங்கிள், செவப்பு பெயின்ட் அடிச்சி ஞாயித்துக்கிழம கொண்டு வர்றேன்."

கட்டுகஸ்தோட்டையில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அவர் ஒரே ஒரு பெட்டியை, பச்சைப்பிள்ளையைப் போல இரண்டு கையாலும் தந்தார்.

"கல்யாணப் பேச்சையும் அன்னைக்கே பேசுவோம்" என்றார்.

பெயின்ட் அருமையாக வந்தது. ஆனால் மழை விடவில்லை. மூன்று நாளாகியும் தொட்டால் விரல் ஒட்டியது. ஞாயிறு காலை, ஈரம் காயாத அந்தப் பெட்டியிலேயே எழுத்து ஒட்ட உட்கார்ந்தேன். 'மூன்றாம் வகுப்பு' என்று மும்மொழியிலும் அச்சடித்த ஸ்டிக்கர் தாளை வெட்டித் தண்ணீரில் போட்டால், எழுத்து மட்டும் வெங்காயத் தோல் போல வழுக்கி வரும். டுவீசரால் பிடித்து ஒட்டினேன். மூன்று மொழி எழுத்தும் சுருங்கிக்கொண்டு நின்றன. பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான்.

அப்போதுதான் மேசையிலிருந்த சூட்டுக்காற்று மெஷின் கண்ணில் பட்டது. போன் சிப்பைக் கழற்ற வைத்திருப்பது. கைப்பழக்கத்தில், ஈயம் உருகும் அதே சூட்டில் வைத்துப் பிடித்தேன்.

எழுத்து காய்ந்தது. கூரை அப்பம் போல நடுவில் குழிந்தது. ஜன்னல்களெல்லாம் தூக்கக் கலக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டன.

கவிதாவுக்குப் போன் போட்டேன். "பஸ்ல தொலஞ்சிருச்சின்னு சொல்லிருங்க" என்றாள்.

புசல்லாவை வரும்வரை அந்தப் பொய்யை ஒத்திகை பார்த்தேன். அவர் முகத்தைக் கண்டதும் அதை விட்டுவிட்டு, பெட்டியை வைத்துக் கொண்டுவந்த பிஸ்கட் டின்னைத் திறந்து நீட்டிவிட்டேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள யாரும் இருந்தாங்களா?"

"இல்லீங்க அங்கிள்."

"அப்ப உயிர்ச்சேதம் இல்ல. எப்படி நடந்திச்சி?"

மெஷின், சூடு, மழை, கவிதா சொல்லித்தந்த பொய் உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். (உள்ளேயிருந்து கவிதா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.)

"இத்தன வருசத்துல, ஆக்சிடென்ட்ட ஒளிக்காம ரிப்போர்ட் பண்ணினவனக் கொஞ்சமாத்தான் கண்டிருக்கேன்" என்று சிரித்தவர், உள்ளே திரும்பி, "டீயக் கொண்டாம்மா, மாப்பிள்ளைக்கு!" என்றார்.

அந்தப் பெட்டி இன்றும் மேசை ஓரத்தில், தனித் தண்டவாளத்தில், தீக்குச்சியில் கட்டிய சிவப்புக் கொடியோடு நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு, "இது மாப்பிள்ள செஞ்ச விபத்து" என்று காட்டாமல் அவர் டீ கொடுப்பதில்லை. நானும் விடவில்லை. மலிவுப் பெட்டிகளாக வாங்கி, வாரக்கணக்கில் காயவிட்டு, சுருக்கமில்லாமல் எழுத்து ஒட்டப் பழகிவிட்டேன். போன மாதம் அதிலொன்றைக் காட்டித் தைரியமாகக் கேட்டேன்:

"மாமா, மத்த ரெண்டு பெட்டியையும் தாங்களேன்?"

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் சொன்னார்:

"ஒண்ணு தர்றேன், அந்தச் சூட்டு மெஷினக் கொண்டாந்து இங்க வச்சிட்டுப் போங்க."