செலக்‌ஷன் பாயின் சமோசா டப்பா

ஆம்பூரில் பிறந்தும் சமோசா தின்னத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் செலக்‌ஷன் பாய்தான். அவர் சமோசாவைத் தின்னமாட்டார், பரிசோதிப்பார்.

ஷூ ஃபேக்டரியில் தோலைத் தரம் பார்த்து ஒன்றாம் செலக்‌ஷன், இரண்டாம் செலக்‌ஷன் என்று பிரிப்பது அவர் வேலை. பக்கத்து மேஜையில் நான் பேக்கிங் லிஸ்ட் அடிப்பவன். டீ நேரத்தில் கறி சமோசா வந்தால், கட்டை விரலால் அழுத்தி, ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கடைசியில் மூக்குக்குக் கொண்டுபோவார். அதற்குள் நாங்கள் தின்று, கை கழுவியிருப்போம்; மறுபடியும் பசித்திருக்கும்.

"இது நேத்து கொத்துன கைமா" என்றார் ஒரு நாள். கடைக்காரர் அழாத குறையாக ஒப்புக்கொண்டார்.

ஊருக்கு ஒரு தீர்ப்பு வைத்திருந்தார். "நம்ம ஊர்ல மேல்மாவு மெல்லிசு, ஆனா வெங்காயம் ஜாஸ்தி. வாணியம்பாடில புதினாவ அள்ளிப் போட்டு, கறியத் தேட வுட்டுடுவானுங்க. வேலூர் பேக்கரி கறி பப்ஸ் இருக்கே, அது அட்டைப் பொட்டிபா. தொறந்தா காத்துதான்."

எதற்கும் ஒன்றாம் செலக்‌ஷன் கிடையாது. அவர் மனைவி செய்ததற்கும் இரண்டுதான். அதை அந்தம்மா எதிரிலேயே சொல்வார்.

"அப்போ ஒன்னாம் நம்பரு செய்றவள கட்டிக்கினு வர்றதுதானே?" என்பார் பாயம்மா.

"தேடிக்கினுதான் இருக்கேன்" என்பார் இவர். முப்பது வருஷமாக இதே சண்டை.

நோன்பு தொடங்குமுன்பே சமோசாவை மடித்து ஃப்ரீசரில் அடுக்கிவிடுவது அவர் தெருப் பெண்களின் வழக்கம். நோன்பு திறக்கும் நேரத்தில் எடுத்துப் பொரித்தால் போதும். பாயம்மாவும் ஒரு டப்பா நிறைய மடித்து வைத்தார். நோன்புக்கு ஒரு வாரம் இருக்கையில் மாரடைப்பில் போய்விட்டார்.

நோன்பும் பெருநாளும் முடிந்தன. டப்பாவை பாய் திறக்கவே இல்லை.

"பொரிச்சுத் தின்ன வேண்டியதுதானே பாய்?"

"பொரிச்சா தீந்துடும்ல."



கரண்ட் போனால் போதும், தோலைப் பாதியில் போட்டுவிட்டு மீன் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறப்பார். கேட் பாசில் காரணம், 'வீட்டில் சீரியஸ்'.

"தனியாத்தானே இருக்கீங்க, யாருக்கு சீரியஸ்?" என்றார் மேனேஜர்.

"சமோசாவுக்கு சார்."

ஃபேக்டரியே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சித்திரை வெயிலில், பாய் பெங்களூருக்கு மகளைப் பார்க்கப் போயிருந்த இரண்டு நாளில், தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. திரும்பி வந்த சாயங்காலம் எனக்கு போன் செய்தார். "கொஞ்சம் வாயேன்பா" என்றார், அவ்வளவுதான்.

போனபோது அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஐஸ் உருகி ஊறிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த சமோசாக்களைப் பிரித்துப் பிரித்துப் போட்டார். பாதி எண்ணெயிலேயே வாய் பிளந்தன. மீதியை அள்ளித் தட்டில் வைத்தார். நான் கை நீட்டினேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு வேணாம்பா. கறி கெட்டுப்போச்சு."

"அப்போ நீங்க?"

அவர் ஒன்றை எடுத்துத் தின்றார். அப்புறம் இன்னொன்று. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவுமில்லை.

கையை உதறிக்கொண்டு நானும் ஒன்றை எடுத்தேன்.

மூன்று நாள் வயிறு படுத்திய பாட்டில் இரண்டு பேருமே வேலைக்குப் போகவில்லை. தெரிந்தே தின்றதற்காக என் மனைவி இன்றுவரை திட்டுகிறாள். திட்டட்டும். அந்தத் தட்டை அவரைத் தனியாகத் தின்று முடிக்க விட எனக்கு மனசு வரவில்லை.