பயிற்சிக்கு வந்த நேஷாவைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி கேட்டு

ஷாவோஷிங்,
டிசம்பர் 19

என் மனைவியின் மூத்த சகோதரரும், ஹாங்சோவில் வெளிநாட்டு மாணவர்களைக் கட்டி மேய்ப்பவருமான பெருமதிப்பிற்குரிய மச்சான் ஷுயே கைமிங் அவர்களின் சமூகத்திற்கு, தாவ் ஷோவ்ரன் தலைவணங்கி எழுதிக்கொண்டது.

இங்கு நானும் தங்கள் தங்கை லிங்ஃபென்னும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கு தங்கள் ரத்த அழுத்தமும் தங்கள் துணைவியாரின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். கைபேசியில் எழுதாமல் தாளில் எழுதுகிறேனே என்று ஆச்சரியப்பட வேண்டாம். குடும்பக் குழுவில் நான் எதைப் போட்டாலும் தங்கள் தங்கை அதற்குக் கீழே ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டுவிடுகிறாள். இது சிரிக்கிற விஷயம் அல்ல.

விஷயம் நேஷாவைப் பற்றியது. அக்டோபர் கடைசியில் தாங்கள் போன் செய்து, "மாப்பிள்ளை, ஸ்லோவேனியாப் பொண்ணு ஒண்ணு, இயந்திரவியல் படிக்குது, சீன மொழியும் கொஞ்சம் பேசும், தங்கமான குணம், மூணு மாசம் உங்க ரைஸ் குக்கர் கம்பெனியில பயிற்சிக்குச் சேத்துக்கோங்க" என்றீர்கள். நானும் சரி என்றேன். தரச் சோதனைப் பிரிவில் பதினோரு வருஷமாக நான் துணைத் தலைவர் என்பதும், தலைவர் யூ சீனப் புத்தாண்டு வசந்த விழாவோடு ஓய்வு பெறுகிறார் என்பதும், அந்த நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஈ எறும்புகூட இல்லை என்பதும் தங்களுக்குத் தெரியும். இப்போது நடுவில் நேஷா நிற்கிறாள். பொது மேலாளர் பாங் அவளை என் பொறுப்பில் விட்டு, "இந்தப் பொண்ணு நல்லபடியா இருந்தா அது கம்பெனிக்குப் பெருமை, ஏதாவது ஆச்சுன்னா அது தாவோட பொறுப்பு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

முதல் நாளே வாசலில் சிவப்புப் பதாகை கட்டினோம். அதில் 'ஸ்லோவாக்கிய நிபுணரை வருக வருக என வரவேற்கிறோம்' என்று அச்சாகியிருந்தது. அவள் அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இது வேற நாடு" என்றாள். பாங்கின் செயலாளர் "பக்கத்து நாடா?" என்று கேட்டார். "இல்லை, நடுவுல ஆஸ்திரியா இருக்கு" என்றாள். "ஒரே ஒரு நாடுதானே நடுவுல, பரவாயில்லை, நில்லுங்க" என்று சொல்லிப் படம் எடுத்துவிட்டார்கள். அதிலும் அவள் சும்மா நிற்கவில்லை, 'நிபுணர்' என்ற எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் படம் இப்போது வரவேற்பறையில் தொங்குகிறது. பார்ப்பவர்கள் எல்லாம் அவள் பதாகை விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அதைக்கூட விடுங்கள். எங்கள் பிரிவில் மதியம் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிட்டு, மேசைக்கு அடியிலிருக்கும் மடக்குக் கட்டிலை விரித்துப் பதினான்கு பேரும் படுத்துவிடுவோம் என்பதை அவளுக்குச் சொல்லி வைக்க எனக்குத் தோன்றவில்லை. மூச்சு விடு என்று யாராவது யாருக்காவது சொல்லித் தருவார்களா? அவள் அன்று சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தாமதமாகத் திரும்பியிருக்கிறாள். இருட்டு அறை, அசையாமல் கிடக்கும் பதினான்கு உடல்கள், அதற்கு மேல் எங்கள் பிரிவு மெங் அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்து மூடாமல் வைத்திருந்த நாற்றத் தோஃபு என்னும் புளித்த சோயாக் கட்டி. எரிவாயு கசிந்து எல்லாரும் போய்விட்டார்கள் என்று அந்தப் பெண் முடிவு கட்டிவிட்டாள். நவம்பர் குளிரில் எல்லா ஜன்னல்களையும் திறந்துபோட்டு, வாசலுக்குப் பக்கத்தில் கிடந்த மெங் அக்காவின் இரண்டு கால்களையும் பிடித்து நடைவழிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அக்கா பாதி வழியில் கண்ணை மறைத்திருந்த துணியை விலக்கிப் பார்த்து, "அடியே, என்னை எங்கடி இழுத்துட்டுப் போற?" என்று கத்தினார். "நீங்க உயிரோடதான் இருக்கீங்களா?" என்று இவள் அழுதாள். "ரெண்டு மணி வரைக்கும் இல்லைடி, போ!" என்றார் அக்கா. ஆனால் அன்று முதல் மெங் அக்கா அவளைத் தன் மகள் மாதிரி கூடவே வைத்துக்கொண்டு திரிகிறார். எரிவாயு என்று நினைத்தபோதும் தன்னைத்தான் முதலில் இழுத்தாளாம், பதின்மூன்று பேரையும் விட்டுவிட்டாளாம். அந்தப் பதின்மூன்று பேரில் நான் ஒருவன்.

மூன்றாவது வாரம் வீட்டுக்கு அழைத்தோம். லிங்ஃபென் முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும் வைத்துக் கொழுக்கட்டை அவித்திருந்தாள். நேஷாவின் ஊரில் தட்டைக் காலி செய்யாமல் எழுந்தால் சமைத்தவருக்கு அவமானமாம். நம் வீட்டில் விருந்தாளியின் கிண்ணம் காலியாக இருந்தால் சமைத்தவருக்கு அவமானம். இரண்டு மரியாதைகளும் எதிரெதிரே உட்கார்ந்து மோதிக்கொண்டதை நான் ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காலி செய்யச் செய்ய இவள் நிரப்பினாள். முப்பத்தெட்டாவது கொழுக்கட்டையில் அந்தப் பெண் கண்கலங்கி, "அக்கா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். தங்கள் தங்கை என்னைப் பார்த்து, "பாவம், உங்க கம்பெனியில சோறே போடறதில்லையா?" என்று கேட்டாள். வசவு எனக்குத்தான் விழுந்தது.

இதெல்லாம் சில்லறை விஷயம். என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது மாதக் கூட்டம். கூட்டத்தின் முடிவில் பாங் எழுந்து, "யாருக்காவது கருத்து இருக்கா?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே கோப்பை மூடுவார். நாங்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளுவோம். நான் சேர்ந்த நாள் முதல் அப்படித்தான் நடக்கிறது. அன்று நேஷா கை தூக்கினாள். பாங்குக்கு முதலில் புரியவில்லை, "கழிப்பறை இடது பக்கம்மா" என்றார். அவள் எழுந்து நின்று, "புது மாடல் குக்கர்ல மூடியைத் திறந்தா ஆவி நேரா கையில அடிக்குது. ஓட்டை தப்பான பக்கம் இருக்கு. எனக்கு மூணு தடவை சுட்டிடுச்சு" என்று கையை நீட்டிக் காட்டினாள்.

மச்சான், அந்த மூடியை வடிவமைத்தவர் பாங்கின் சொந்தத் தம்பி மகன். ஆவி கையில் அடிக்கும் என்று எங்கள் பிரிவில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், மூன்று அறிக்கைகளில் 'பயனர் கவனமாக இருப்பது விரும்பத்தக்கது' என்று நாகரிகமாக எழுதியும் இருக்கிறேன். பாங் புன்னகையோடு, "ரொம்ப அருமையான கருத்து, கட்டாயம் ஆராய்வோம்" என்றார். அதாவது அந்தப் பேச்சைப் புதைத்து மண் மூடியாயிற்று. எல்லாரும் எழுந்தோம். அவள் நகரவில்லை. "எப்போ?" என்று கேட்டாள். அந்த அறையில் யாரும் அதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பாங் என் பக்கம் திரும்பி, "அதைத் தாவ் சொல்லுவாரு" என்றார். என் வாய் தானாக "அடுத்த வாரம்" என்றது. அடுத்த வாரம் முழுக்கத் தினமும் காலையில் அவள் என் மேசைக்கு வந்து, "இன்னைக்கா, தாவ் சார்?" என்று கேட்டாள். நான் கோப்பு அறையிலேயே தேநீர் குடிக்கப் பழகிக்கொண்டேன்.

இதற்குள் மாவட்டத் துணைத் தலைவர் கோங் ஆலையைப் பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. பாங் என்னை அழைத்தார். "அந்தப் பொண்ணுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, மூக்குக் கண்ணாடி போட்டு நிறுத்து. ஐரோப்பிய நிபுணர்னு சொல்லிடலாம். அவ சீனத்துல வாயே திறக்கக் கூடாது. அவ பாஷையில ஏதாவது சொல்லட்டும், நீ மொழிபெயர்த்துடு" என்றார். "எனக்கு அந்த பாஷை தெரியாதே, ஐயா" என்றேன். "கோங்குக்கும் தெரியாதுல்ல?" என்றார். யூவின் நாற்காலி கண்ணுக்கு முன்னால் நின்றது. நேஷாவிடம் போய், கோட்டு பாதுகாப்புக்கு, விருந்தினர் வந்ததும் உன் மொழியில் இரண்டு வரி வாழ்த்துச் சொல்லு என்று மட்டும் சொன்னேன். பொய் சொன்னதாக ஆகாது என்று அப்போது நினைத்தேன்.

கோங் வந்தார். நேஷா தன் மொழியில் இரண்டு வரி சொன்னாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "இந்த ஆலையின் தரம் ஐரோப்பாவின் சிறந்த ஆலைகளுக்கு ஒரு மயிரிழையும் குறைந்ததல்ல, மாவட்ட நிர்வாகத்தின் தொலைநோக்கே இதற்குக் காரணம் என்கிறார்" என்றேன். கோங் புருவத்தை உயர்த்தினார். "இத்தனையும் அந்த ரெண்டு வரியில இருந்துச்சா?" என்றார். "அவங்க பாஷை சிக்கனமானது, ஐயா" என்றேன். அவர் நேராக அவளிடம் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சீனத்திலேயே கேட்டார்: "நிபுணர் அம்மா, உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்?"

"ஆறு வாரம்" என்றாள் நேஷா.

"அதுக்கு முன்னாடி?"

"காலேஜ்ல படிச்சுட்டு இருந்தேன்."

"இப்போ என்னமோ சொன்னீங்களே, அது என்ன?"

"வணக்கம்னு சொன்னேன். அப்புறம், இந்தக் கோட்டு யாரோடதுன்னு தெரியலை, தோள்பட்டை பிடிக்குதுன்னு சொன்னேன்."

பாங் கூரையைப் பார்த்தார். யூ தன் ஓய்வூதியத்தை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, கண்ணை மூடிவிட்டார். நிலைமையைச் சமாளிக்க நான் காட்சிக்கு வைத்திருந்த குக்கரைக் காட்டி, "ஐயா, இது எங்கள் புது மாடல்" என்றேன். உள்ளே சாதம் வெந்திருந்தது. கோங் மூடியில் கை வைத்தார். "திறக்காதீங்க!" என்று நேஷா பாய்ந்தாள். அவர் திறந்துவிட்டார். கோங் "ஐயோ அம்மா" என்று கையை உதறினார், அவள் பக்கத்திலிருந்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவர் கையில் ஊற்றினாள், பாதித் தண்ணீர் பாங்கின் காலணியில் போயிற்று. கோங் சிவந்த விரலைப் பார்த்துக்கொண்டே, "என் வீட்லயும் இதான் இருக்கு" என்றார். "போன மாசம் என் பெண்டாட்டி கை சுட்டுக்கிச்சு. குக்கர் திறக்கக்கூடத் தெரியலையான்னு நான் அவளைத் திட்டினேன். இப்ப நான் வீட்டுக்குப் போய் என்ன சொல்றது?"

நேஷாதான் சொன்னாள்: "மன்னிப்புக் கேளுங்க."

மறுநாளே பாங் அந்தக் குறையைத் தானே முதலில் கண்டுபிடித்ததாக அறிவித்து, மூடிச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்து, அதற்கு என்னைத் தலைவராக்கினார். தம்பி மகன் என்னோடு பேசுவதில்லை. மூடி சரியானால் பெயர் பாங்குக்கு, சரியாகாவிட்டால் என் கதி அதோகதி. ஆகவே, மச்சான் அவர்களே, எனக்கு வயது ஐம்பத்தொன்று, இதயம் ஒன்றுதான் இருக்கிறது. படிப்பில் ஏதோ அவசரம் என்று காரணம் காட்டி இந்த மாத இறுதிக்குள் அந்தப் பெண்ணைத் தயவுசெய்து திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரையாவது அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், சீன மொழி ஒரு எழுத்தும் தெரியாத ஆளாகப் பார்த்து அனுப்புங்கள்.

தங்கள் இல்லத்தில் எல்லாரும் நிறைந்த ஆயுளோடும் குறைந்த கொழுப்போடும் வாழ வேண்டுமென்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
தாவ் ஷோவ்ரன்

பின்குறிப்பு: அண்ணா, இதை எழுதுவது லிங்ஃபென். தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். இதை நம்பி நீங்கள் எதையும் செய்துவிட வேண்டாம். யூ ஐயாவின் நாற்காலி இவருக்குத்தான் என்று திங்கட்கிழமையே காகிதம் வந்துவிட்டது, அதை எழுத இவருக்கு மறந்துபோயிருக்கிறது. நேஷாவுக்கு இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கும்படி கேட்டுக் கையெழுத்துப் போட்டதும் இவர்தான். இந்தக் கடிதத்துக்கு இரண்டு நகல் எடுத்து இழுப்பறையில் வைத்திருக்கிறார். நாளைக்கு ஏதாவது ஆனால் 'நான் அப்போதே எழுதினேன்' என்று காட்டுவதற்காம். அந்தப் பெண்ணின் விடுதியில் வெந்நீர் வரவில்லை என்பதால் சனிக்கிழமை முதல் நம் வீட்டு உள்ளறையில்தான் இருக்கப் போகிறாள். அவளுக்கென்று வாங்கிய கட்டிலை ஆள் வைக்காமல் இவரே முதுகில் சுமந்து நாலு மாடி ஏறினார். இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது, இரண்டு நாளாக லீவு. அந்த லீவில் பொழுது போகாமல்தான், அதே கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுதினார்.