பத்து வருஷப் பத்திரம்

"அத்தான், என் பணத்தைக் குடுத்துடுங்க. அவசரம்" என்று மனைவியின் தம்பி கல்லாவுக்கு எதிரே வந்து நின்றான்.

சலவைக்கடைக்காரர் அசரவில்லை. புது மிஷினுக்குக் கடன் கேட்டு வங்கி கைவிரித்ததும், பெரிய கம்பெனிகள் செய்வதுபோல அவரும் சொந்தபந்தங்களிடம் கடன் பத்திரம் விற்றிருந்தார். வருஷா வருஷம் வட்டி. அசல் பத்து வருஷம் கழித்து.

"பத்தாம் வருஷம் வா. அதுக்குள்ள வேணும்னா வேற யாருக்காவது வித்துக்கோ. பத்திரத்துல அதானே வசதி!"

மச்சான் விற்றான். நூறு போட்டு வாங்கியதை எழுபதுக்குத் தள்ளிவிட்டான். அவ்வளவுதான், கடை ஆட்டம் கண்டுவிட்டது என்று ஊர் பேசியது. அலறிப்போன சித்தப்பா அறுபதுக்கு விற்கக் கிளம்பினார். வாடிக்கையாளர்கள் துணியை ஈரத்தோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

கடைக்காரருக்கு அவமானம் தாங்கவில்லை. கடையில் வேலை பார்த்த இஸ்திரிக்காரனைத் தனியே அழைத்தார்.

"எல்லாப் பத்திரத்தையும் நீயே வாங்கிடு. என் பேர் வெளிய வரக்கூடாது. முக்கியமா வீட்டுல உன் அண்ணிக்குத் தெரியக்கூடாது, பயந்துடுவா. சத்தியம் பண்ணு!"

பண்ணினான். மறுநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அண்ணே, அறுபதுக்கு முடியலை. இன்னொருத்தர் எழுபது தர்றாங்க."

"எண்பது குடு!"

"அவங்க தொண்ணூறுக்கு வந்துட்டாங்க."

"யாரந்த ஆளு? எதிர்க்கடைக்காரனா? என் கடனை வாங்கி என்னையே அமுக்கப் பாக்கறானா?"

"சொல்லக்கூடாதுண்ணே, அங்கேயும் சத்தியம்."

விலை ஏறுவதைப் பார்த்த சொந்தக்காரர்கள் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சித்தப்பா நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றார். கடைக்காரர் ஸ்கூட்டரை விற்றார். அதுவும் போதாமல், மிஷினுக்காக வாங்கிய கடனை மீட்க மிஷினையே விற்றார். கடைசியில் பாதிப் பத்திரம்தான் அவர் கைக்கு வந்தது. மீதிப் பாதி அந்த எதிராளியிடம் போய்விட்டது.

காலியான கடையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அழுகை வந்தது.

"மானம் போனா போகட்டும். அந்த ஆளு யாருன்னு மட்டும் சொல்லு. கால்ல விழுந்தாவது கேட்டுப் பாக்கறேன்."

இஸ்திரிக்காரன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"அப்ப வீட்டுக்குப் போய் விழுங்கண்ணே. கடை மானத்தைக் காப்பாத்தணும், அண்ணனுக்குத் தெரியவே கூடாதுன்னு, அண்ணியும் என்னைத்தான் அனுப்பினாங்க."