தூதர் அண்ணையின் சமாதானப் பேச்சுவார்த்தை

உலக சமாதானத்துக்குப் பெர்லினில் முழுப்பொறுப்பு எடுத்திருந்த ஒரே மனுசன் எங்கட தூதர் அண்ணைதான். ஆர் மறுத்தாலும் நான் விடமாட்டன்.

உண்மையில் அவர் தூதுவர் இல்லை, தூதரகத்துச் சாரதி. அதுவும் வரைபடத்தில் விரலை வைத்தால் காணாமல் போய்விடுகிற ஒரு குட்டி நாட்டின் தூதரகம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருக்கிற மனுசன் அந்த நாட்டை "எங்கட நாடு" என்றுதான் சொல்லுவார்.

"எங்கட நாட்டிட்டை ஒரு பீரங்கிகூட இல்லைத் தம்பி. ஆனா அடிபடுற பெரிய நாடெல்லாம் எங்கட கதிரையிலதான் வந்து இருந்து கதைக்கும். ஏன், சொல்லும் பாப்பம்?"

"கதிரை நல்ல சொகுசாக்கும்."

"விசர்க் கதை கதையாதையும்! எங்களைப் பாத்து ஒருத்தருக்கும் பயமில்லை. அதுதான் காரணம்."

போற இடமெல்லாம் இதே கூத்து. ஒரு பிறந்தநாள் விழாவில் கேக்குக்கு அடிபட்ட இரண்டு பிள்ளைகளை, ஒன்றைப் பல்கனியிலும் ஒன்றைக் குசினியிலும் இருத்திப் பேச்சுவார்த்தை நடத்தினார். பேச்சு முடிய முன்னம் கேக் முடிஞ்சு போச்சு.

பிறகு எங்கட தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழா வந்தது. மங்கள விளக்கை முதலில் ஆர் ஏற்றுவது? தலைவர் ரகுவா, செயலாளர் நானா? ரகுவும் நானும் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்து, ஒரே குளிர்க்கோட்டை மாறிமாறிப் போட்டவர்கள். இருந்தும் விழாவன்று காலமை வாய்த்தர்க்கம் முற்றி, "நான் வேற பள்ளிக்கூடம் துவங்கிறன்" என்று எழும்பிவிட்டேன். பிள்ளைகள் இரண்டாகப் பிரியப்போகினம். எனக்கோ ரகுவை இழக்கப்போறேனே என்ற பயம். ஆனால் வாய் இறங்கி வந்தால்தானே!

தூதர் அண்ணை எங்களை இரண்டு வகுப்பறையில் இருத்திவிட்டு, தேத்தண்ணியோடு இடையில் நடக்கத் தொடங்கினார்.

"அவன்ரை மூஞ்சியில முழிக்க ஏலாது எண்டு போய்ச் சொல்லுங்கோ!" என்றேன்.

போனார், வந்தார். "ரகு அழுறார். பிழை தன்ரை பக்கமாம்."

எனக்குத் தாங்கவில்லை. கதவைத் திறந்தால், ரகு கண் கலங்கி வெளியில் நிற்கிறான். கட்டிப்பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் ஒரே மெழுகுதிரியைப் பிடித்து விளக்கேற்றினோம். எனக்குக் கையும் சுட்டது.

சாப்பிடும்போதுதான் ரகு சொன்னான்: "நீ அழுது மன்னிப்புக் கேட்டனி எண்டு அண்ணை வந்து சொன்னவுடன எனக்கு மனம் கேக்கேல்லையடா."

நானா? அழுதேனா? திரும்பிப் பார்த்தேன். தூதர் அண்ணை வடையைக் கடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மறுக்கவில்லை. இன்றுவரைக்கும் மறுக்கவில்லை. எனக்குக் கேட்கத் துணிவில்லாத மன்னிப்பை, என் பெயரில் கேட்டுத் தந்த மனுசன் அவர்.