ஆட்டத்துக்குப் பேர் கொடுத்தவர்

2001 நவம்பர் பதிமூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு மங்களூரிலிருந்து மும்பை பஸ் கிளம்பியது. அதில் ரக்ஷிதா இருந்தாள். மும்பையில் கப்பல் ஏறி, உல்லாசப் பயணிகளுக்கு ரொட்டி சுடும் வேலைக்குப் போகிறாள். பஸ் வளைவில் மறையும்வரை கையசைத்துக்கொண்டு நிற்பவர்கள் ஒரு வகை. அவள் அம்மா வாரிஜா அந்த வகை. பஸ் உறுமத் தொடங்கியதுமே கைக்கடிகாரத்தைப் பார்த்து, கோயில் ஆபீஸை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்று சொல்லி நடையைக் கட்டுபவர்கள் இன்னொரு வகை. அவள் அப்பா ஜயகர ஆள்வா அந்த வகை.

இந்த இரண்டாவது வகை உயிரினத்தைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். பேர் கொடுத்தவர்கள் என்று இவர்களை அழைக்கலாம். ஒரு காரியத்துக்குப் பேர் கொடுத்துவிட்டால் பாதி முடிந்தது என்று நினைப்பவர்கள் நாமெல்லாம். பேர் கொடுத்ததே காரியம் என்று நினைப்பவர்கள் இவர்கள்.

அன்றைய காரியம் வாரிஜாவுடையது. மகளைக் கடல் கொண்டுபோகிறதே என்ற பயத்தில் காலையில் கல்லபெட்டு அம்மனை நினைத்துக் கும்பிட்டு, பெண் பத்திரமாகத் திரும்பி வந்து தன் பக்கத்தில் உட்கார வேண்டும், அப்படி உட்கார்ந்தால் வீட்டு வயலில் உனக்கு ஒரு ஆட்டம் நடத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். ஆட்டம் என்றால் யட்சகானம், அந்தப் பக்கத்துக் கூத்து. அந்த அம்மன் கோயிலுக்குச் சொந்தமான குழு, தேவியின் கிரீடப் பெட்டியோடு வேண்டிக்கொண்டவர் வயலுக்கே வந்து, இருட்டத் தொடங்கியதிலிருந்து விடியும்வரை ஆடிவிட்டுப் போகும். வேண்டிக்கொள்ள அவளுக்கு அரை நிமிஷம் ஆனது. மற்றதெல்லாம் ஆள்வாவின் துறை.

கோயில் ஆபீஸில் ஆட்டங்களைப் பதிவு செய்கிற உடுபர் தடித்த பேரேட்டைப் புரட்டினார். நான்கு குழுக்கள் மழைக்காலம் தவிர மற்ற எல்லா நாளும் ஆடியும் வரிசை குறையவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் சொன்னார்:

"இருபத்து மூணு வருஷம் ஆகும் ஆள்வரே."

வேறு ஒருவராயிருந்தால் முகம் வாடியிருக்கும். ஆள்வாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"நல்லதாப் போச்சு. ஏற்பாடு பண்ண டைம் இருக்கு."

ஏற்பாடு. இந்த வகையினரை அடையாளம் காண இந்த ஒரு சொல் போதும். மின்சார வாரியத்திலிருந்து அப்போதுதான் விருப்ப ஓய்வு பெற்றிருந்த ஆள்வா, வீட்டுக்குப் போகிற வழியிலேயே நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கினார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. இரண்டாம் பக்கத்தில் பாயசம். கடலைப்பருப்பா பச்சைப்பயறா என்பது நான்காம் பக்கம்வரை முடிவாகவில்லை. இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு வரப்போகிற பாயசம் என்பதால் அவசரமும் இல்லை.

அதன்பின் அவர் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மணமக்களைப் பார்க்கவில்லை, சமையல்காரரைப் பார்த்தார். ரசத்தை உறிஞ்சிவிட்டு, இந்த ஆளுக்கு இப்போது என்ன வயசு, நம் ஆட்டத்தின்போது என்ன வயசிருக்கும், கை நடுங்குமா என்று கேட்டார். பெயர் சூட்டு விழாவில் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, தோள் அகலமாக இருக்கிறது, பந்தம் பிடிக்க ஆகும் என்று குறித்துக்கொண்டார். பெரியம்மா மகன் கிருபாகரனுக்கு மைக் செட் பொறுப்பு. எதிர்வீட்டு ரை குடும்பத்துக்குச் செருப்பு வைக்கிற இடத்தின் பொறுப்பு. ரை வீட்டார் அதில் கொஞ்சம் மனவருத்தப்பட்டார்கள். ஆள்வா அவர்களை வாழையிலைக்கு மாற்றினார். எங்கே பார்த்தாலும் யாராவது, ஆட்டம் எப்போது என்று கேட்டுவிட வேண்டியதுதான், பேர் கொடுத்தாச்சு, ஏற்பாடு நடந்துகொண்டிருக்கிறது என்று பதில் வரும். அந்தப் பதிலில் ஏற்கனவே ஆட்டம் நடந்து முடிந்து, ஊரே பாராட்டிவிட்டுப் போன திருப்தி இருக்கும்.

வயல்தான் பெரிய சங்கடம். வீட்டு முன்னால் இருந்த அரை ஏக்கரில் வாரிஜா மல்லிகைக் கொடி போட ஆசைப்பட்டாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் போட்டிருந்தார்கள். விடிகாலையில் பறித்துக் கட்டி, எட்டு மணி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, சொந்தக் காசில் சேலை எடுத்தார்கள். ஆள்வா சம்மதிக்கவில்லை. மேடை கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும், நானூறு பேர் உட்கார வேண்டும், அசுரன் வர நடுவில் ஆறடி வழி விட வேண்டும். அளந்து நான்கு மூலையிலும் கல் நட்டிருந்தார். கற்களுக்கு நடுவில் கோரைப் புல் முளைத்தது. அடுத்த வீட்டு எருமை மேய்ந்தது.

"எருமையாச்சும் வந்துடுச்சு. ஆட்டத்தைத்தான் காணோம்" என்றாள் வாரிஜா.

ரக்ஷிதா வருஷத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் லீவில் வந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுபடி கப்பல் ஏறினாள். வாரிஜாவின் கணக்கில் அம்மன் தன் பங்கை ஒவ்வொரு வருஷமும் செய்துகொண்டிருந்தாள், தான்தான் பாக்கி. ஒவ்வொரு தடவை மகள் கிளம்பும்போதும், செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் எந்த முகத்தோடு மறுபடி கேட்பது என்று கூச்சமாக இருக்கும். ஒரு வருஷம் புயலில் இரண்டு நாள் கப்பலிலிருந்து தகவல் இல்லாமல் போனபோது, அம்மன் படத்தை நிமிர்ந்தே பார்க்க முடியவில்லை அவளால். மகளோ அப்பாவின் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரிப்பாள். அவளுடைய கப்பலில் தினமும் மூவாயிரம் பேருக்கு மூன்று வேளை சமைத்தார்கள், அதற்கு ஒரே ஒரு தாள்தான்.

ஐந்தாவது வருஷம், பிப்ரவரியில், ஒரு திங்கட்கிழமை. ரக்ஷிதா லீவில் வந்திருந்தாள், ஞாயிறு அன்று கிளம்ப வேண்டும். மத்தியானச் சாப்பாட்டில் ஆள்வா ஒரு வேடிக்கை சொல்வது போலச் சொன்னார். காலையில் உடுபர் போன் பண்ணியிருந்தாராம். மூடபித்ரி பக்கம் ஒரு வீட்டில் சாவு, தீட்டு, அவர்களுடைய வெள்ளிக்கிழமை ஆட்டம் காலியாம். நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாராம்.

"நாலு நாள்ல ஆட்டமாம். என்ன பேச்சு இது. வாழையிலைக்கே ஒரு வாரம் முன்னாடி சொல்லணும். முடியாதுன்னுட்டேன்."

வாரிஜா அகப்பையைக் கீழே வைத்தாள். கை கழுவினாள். செருப்பை மாட்டினாள். எங்கே என்று ஆள்வா கேட்டபோது அவள் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டிருந்தாள்.

ஆபீஸில் உடுபர் வேறு யாருக்கோ போன் போடப் பேரேட்டில் விரல் வைத்திருந்தார். அந்த விரலைப் பார்த்துத்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேணும்."

"வீட்டுக்காரர் வேணாம்னு சொன்னாரேம்மா."

"பேர் குடுத்தது அவரு. வேண்டிக்கிட்டது நான்."

உடுபர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். நாற்பது வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவர். இந்த இரண்டும் வேறு வேறு ஆள் என்பதை அன்றுதான் யாரோ எடுத்துச் சொல்வது போலப் பார்த்தார். என்ன கதை என்று கேட்டார். தேவி மகாத்மியம் என்றாள். எத்தனை பேருக்குச் சாப்பாடு?

"வர்றவங்களுக்கு."

அந்த நான்கு நாள் ஆள்வா பட்ட பாட்டை உங்களால் கற்பனை செய்ய முடியும், உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிப் போனார். மைக் செட் கிருபாகரன் புனேவில் ஓட்டல் வைத்துவிட்டார். பந்தம் பிடிக்க வேண்டிய குழந்தைக்கு நான்கு வயசு. ரசத்துக்குக் குறித்துவைத்த சமையல்காரர் இப்போது அரிசி மண்டி நடத்துகிறார். வாழையிலைக்காரர்களான ரை வீட்டார் மட்டும் எதிர்வீட்டிலேயே இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குத் தங்கள் பொறுப்பு இலை என்பதே மறந்துபோய், இரண்டு அண்டா நிறையச் சிவப்பரிசிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ வெள்ளரிக்காய் கொண்டுவந்தார்கள். யாரோ தேங்காய். ரக்ஷிதா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாயசம் கிளறினாள். கடலைப்பருப்பும் பச்சைப்பயறும் கலந்து போட்டாள். நன்றாகவே இருந்தது. அதுதான் ஆள்வாவை மிகவும் புண்படுத்தியது.

குழு வந்தது. நட்டுவைத்த கற்களை அவர் காட்டுவதற்குள், கரண்ட் கம்பி எட்டுகிற பக்கமாக மேடையை நிறுத்தினார்கள். மேடை மேற்கே பார்த்தது. கிரீடப் பெட்டிக்குப் பூஜை முடிந்து, செண்டை முழங்கி, ஊர் முழுக்கப் பாய் விரித்து உட்கார்ந்தது. முதல் வரிசையில் வாரிஜா. பக்கத்தில், தோளில் தோள் இடிக்க, ரக்ஷிதா. ஆள்வா மட்டும் உட்காரவில்லை. கூட்டத்தின் நடுவில் நின்று, நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஆறடி, ஆறடி வழி விடுங்கள் என்று ஒவ்வொரு பாயாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அப்போது பாக்குத் தோப்புப் பக்கமிருந்து பந்தங்களோடு மகிஷாசுரன் வந்தான். கொம்பு, கருமை பூசிய முகம், தீப்பொறி. வழியில் நின்றது ஆள்வா ஒருவர்தான். அசுரன் நின்றான். நோட்டைப் பார்த்தான். முகத்துக்கு நேராகக் குனிந்து ஒரு கர்ஜனை விட்டான். ஆள்வா பின்பக்கமாகவே நடந்து, கால் தடுக்கி, நேராக வாரிஜாவின் பாயில் போய் விழுந்தார். கதையிலேயே அப்படித்தான் என்று நினைத்து ஊர் கைதட்டியது.

"வந்தீங்களா. உட்காருங்க" என்றாள் வாரிஜா.

தரை பனியில் ஈரமாக இருந்தது. ஆள்வா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நோட்டைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அங்கிருந்து விடியும்வரை எழுந்திருக்கவில்லை. தேவி தோன்றியபோது அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டதை வாரிஜா பார்த்தாள். மகள் தலை தன் தோளில் சாய்ந்திருந்த கனத்தில் அவளால் கை எடுத்துக் கும்பிட முடியவில்லை. அம்மனுக்குப் புரிந்திருக்கும்.

காலையில் கிரீடப் பெட்டி வண்டி ஏறியது. உடுபர் பிரசாதம் கொடுத்துவிட்டு, இது காலியான நாளில் நடந்த ஆட்டம், பழைய பதிவு அப்படியே இருக்கிறது, அடித்துவிடலாமா என்று கேட்டார். வாரிஜா மகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். ஆள்வா உட்கார்ந்து கசங்கிய நோட்டை முழங்காலில் வைத்து நீவிவிட்டார்.

"இருக்கட்டும் உடுபரே. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அடுத்த வாரம் வயலில் மல்லிகைப் பதியன் நட்டாள் வாரிஜா. ஆள்வா தடுக்கவில்லை. நான்கு மூலைக் கல்லை மட்டும் எடுக்க விடவில்லை.

இவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ரக்ஷிதா சிரித்தது போல நீங்களும் சிரித்திருப்பீர்கள். உங்கள் பீரோவில் நல்ல நாளுக்கென்று மடித்து வைத்த சேலை இல்லை. போக வேண்டிய ஊர்களின் பட்டியல் இல்லை. முதலில் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு அப்புறம் கூப்பிடலாம் என்று வைத்திருக்கிற நண்பர் யாரும் இல்லை. அப்படித்தானே?

ரக்ஷிதா கப்பலை விட்டு இறங்கி வீட்டோடு வந்து பல வருஷம் ஆகிறது. மங்களூரில் சொந்தமாக பேக்கரி வைத்திருக்கிறாள். ஆள்வா போய் இரண்டு வருஷம். இந்தத் திங்கட்கிழமை அவருடைய பழைய நம்பருக்கு, இப்போது அவள் வைத்திருக்கிற போனுக்கு, கோயிலிலிருந்து ஒரு செய்தி வந்தது. வாரிஜாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். சரின்னு போட்டுடு என்றாள் வாரிஜா. போடுகிறேன் என்று சொன்ன ரக்ஷிதா, பரணில் ஏறி நீல அட்டை நோட்டைத் தேடி எடுத்தாள். கடைசியில் வெள்ளைப் பக்கங்கள் நிறைய இருந்தன. இன்று வியாழன். மேடை கிழக்குப் பார்த்து நின்றால் மல்லிகையில் எத்தனை கொடியை எடுக்க வேண்டியிருக்கும் என்று அவள் கல்லுக்குக் கல் நடந்து அளந்துகொண்டிருக்கிறாள். போன், பதில் போகாமலே, சமையலறை மேடையில் கிடக்கிறது. அதில் இருப்பது இவ்வளவுதான்:

"ஜயகர ஆள்வா அவர்களுக்கு. உங்கள் பெயரில் பதிவான ஆட்டத்துக்கு நாள் வந்துவிட்டது. சம்மதம் என்றால் மூன்று நாளுக்குள் தெரிவிக்கவும்."